சாலமன் கார்ட்டர் ஃபுல்லர்: சட்டம் வருமுன் நான்கு மாணவர்கள்

1909 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில், கிளார்க் பல்கலைக்கழகம் தன் 20ஆம் ஆண்டு நிறைவையொட்டி அறிஞர் மாநாடு ஒன்றைக் கூட்டியது. சிக்மண்ட் ஃப்ராய்ட் தம் வாழ்நாளில் ஒரே முறை அமெரிக்கா வந்தது அந்த மாநாட்டுக்காகத்தான். கார்ல் யுங் உடன் வந்திருந்தார். அங்கே எடுக்கப்பட்ட குழுப் புகைப்படம் உளவியல் பாடநூல்களில் நூறாண்டுக்கும் மேலாக அச்சாகி வருகிறது. அதில் ஃப்ராய்டையும் யுங்கையும் சுட்டிக்காட்டும் ஆசிரியர்களில் பெரும்பாலோர், அதே படத்தில் நிற்கும் கறுப்பின மருத்துவரின் பெயரைச் சொல்வதில்லை. அவர் பெயர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர். அமெரிக்காவின் முதல் கறுப்பின மனநல மருத்துவர் என்று இன்று அவரை வரலாறு குறிக்கிறது.

இன்று அமெரிக்காவில், ஒடுக்கப்பட்ட இனங்களிலிருந்து மனநல மருத்துவர்களையும் உளவியலாளர்களையும் உருவாக்குவதற்கென்றே ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. சிறுபான்மையினர் உதவித்தொகைத் திட்டம் என்பது அதன் பெயர். அது எப்படி வந்தது என்பதைச் சட்டத்தின் வாசகங்களைப் படித்து அறிய முடியாது. சட்டம் இல்லாத காலத்தில் அதே வேலையைத் தனியொருவராகச் செய்து பார்த்த ஃபுல்லரின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஃபுல்லர் பிறந்தது அமெரிக்காவில் அன்று. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், தலைநகர் மன்ரோவியாவில், 1872 ஆகஸ்ட் 11ஆம் நாள். ஆனால் அவருடைய வேர் அமெரிக்க அடிமை மண்ணில் இருந்தது. பாட்டனார் ஜான் லூயிஸ் ஃபுல்லர் வர்ஜீனியாவில் அடிமையாக இருந்தவர். செருப்புத் தொழில் அறிந்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்டு, 1852இல் குடும்பத்தோடு லைபீரியாவுக்குக் கப்பலேறினார். தந்தை காப்பித் தோட்டக்காரராகவும் அரசு அலுவலராகவும் உயர்ந்தார். தாய் அன்னா உர்சுலா ஜேம்ஸ். அவருடைய பெற்றோர் மருத்துவ ஊழியம் செய்த மறைப்பணியாளர்கள். வீட்டிலேயே பள்ளி நடத்தி மகனுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தவர் அந்தத் தாய்.

1889இல், 17 வயதில், பாட்டன் விட்டு வந்த நாட்டுக்கே பேரன் திரும்பினார். நார்த் கரோலினா மாநிலத்தில் கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட லிவிங்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின் நியூயார்க்கில் மருத்துவம் தொடங்கி, பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு மாறி, 1897இல் மருத்துவரானார். இங்கே ஒரு செய்தி கவனத்துக்குரியது. அந்நாளில் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஹோமியோபதி நெறியைச் சார்ந்தது. பெண்களுக்கென நடந்த ஒரு மருத்துவக் கல்லூரியைத் தன்னோடு இணைத்துக்கொண்டு உருவானது; அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் ரெபேக்கா லீ கிரம்ப்ளர் 1864இல் பட்டம் பெற்றது அந்தப் பெண்கள் கல்லூரியில்தான். ஃபுல்லர் பயிற்சிக்குச் சேர்ந்த வெஸ்ட்பரோ அரசு மனநல மருத்துவமனையும் ஹோமியோபதி நெறியில் நடந்ததே. மருத்துவ உலகின் மையம் ஏளனமாகப் பார்த்த விளிம்பில்தான் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்தது. மையத்தின் கதவுகள் மூடியே கிடந்தன. இதை அப்பள்ளியின் பெருந்தன்மை என்று மட்டும் எழுதிவிடுவது சரியாகாது. அதே பள்ளி பின்னர் அவரை எப்படி நடத்தியது என்பதைப் பார்க்கத்தான் போகிறோம்.

இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின், 1899இல் வெஸ்ட்பரோவில் நோய்க்குறியியல் வல்லுநராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் தொடங்கினார். அவருடைய பணியிடம் நோயாளிகள் அமர்ந்து பேசும் அறை அன்று, உடற்கூறாய்வு மேசை. மருத்துவமனையில் இறந்தவர்களின் மூளையை எடுத்து, பதப்படுத்தி, மெல்லிய இழைகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. மனநோய் ஒழுக்கக்கேட்டின் விளைவா, பரம்பரைக் குறையா, மூளைத் திசுவில் நேர்ந்த மாற்றமா என்ற வாதம் அன்று கொதித்துக்கொண்டிருந்தது. ஃபுல்லர் திசுவின் பக்கம் நின்றார்.

அந்த நிலைப்பாட்டுக்கு அறிவியலைத் தாண்டிய எடை ஒன்று உண்டு. கறுப்பினத்தவரைப் பொறுத்தவரை அமெரிக்க மனநோயியல் தொடக்கத்திலிருந்தே அரசியல் கருவியாக இருந்தது. 1840ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அடிமை முறை இல்லாத வட மாநிலங்களில் வாழும் கறுப்பினத்தவரிடையே பைத்தியம் மிக அதிகம் என்று காட்டியது. விடுதலை கறுப்பனைப் பித்தனாக்கும், அடிமைத்தனமே அவனுக்கு நலம் என்று தென்னக அரசியல்வாதிகள் அந்த எண்ணிக்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். கணக்கே பொய். கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லாத ஊர்களில் கறுப்பினப் பைத்தியக்காரர்கள் எண்ணப்பட்டிருந்தார்கள். பின்னாளில் ஃப்ராய்ட் உரையாற்றிய இதே வூஸ்டர் நகரில், அரசு மனநல மருத்துவமனையின் வெள்ளையின நோயாளிகள் 133 பேர் கறுப்பினத்தவர் என்ற பத்தியில் பதிவாகியிருந்தனர். எட்வர்டு ஜார்விஸ் என்ற வெள்ளை மருத்துவரும் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவரும் இதை அம்பலப்படுத்தினார்கள். அரசோ கணக்கைத் திருத்தவில்லை. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்னக மருத்துவர், எசமானிடமிருந்து தப்பியோடும் அடிமைக்கு ஒரு மனநோய் இருப்பதாகவும் அதன் பெயர் டிரேப்டோமேனியா என்றும் கட்டுரை எழுதினார். ஓடாமல் தடுக்க அவர் தந்த வைத்தியங்களுள் சாட்டையும் ஒன்று.

விடுதலை வேட்கைக்கு நோய்ப் பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. அந்த அதிகாரம் முழுவதும் ஒரே இனத்தின் கையில் இருந்த ஒரு துறைக்குள், தன்னந்தனியாக ஒரு கறுப்பினத்தவர் நுழைந்து, நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூளைத் திசுவில் நிறம் தெரியாது.

1904இல் ஃபுல்லர் ஜெர்மனி சென்றார். மூனிச் நகரில் எமில் கிரேப்பெலின் நடத்திய உளநோய் மருத்துவமனை அன்று உலகின் முதன்மை நிலையம். அங்கே ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் அலோயிஸ் அல்சைமர். அவர் தேர்ந்தெடுத்த அயல்நாட்டு மாணவர்கள் ஐவரில் ஒருவராக ஃபுல்லர் ஓராண்டு பயின்றார். அடுத்த ஆண்டு பால் எர்லிக்கைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அல்சைமரின் பெயரை நிலைக்கச் செய்த நோயாளியான அகஸ்டே டெட்டர் இறந்தது 1906 ஏப்ரலில். அவருடைய மூளையை ஆராய்ந்து அல்சைமர் அறிவித்தது அந்த ஆண்டின் இறுதியில். அதற்குள் ஃபுல்லர் வெஸ்ட்பரோவுக்குத் திரும்பியிருந்தார். ஆனால் கற்றுவந்த சாயமேற்றும் நுட்பம் அவர் கையில் இருந்தது. 1907இலேயே மனநோயாளிகளின் மூளை நரம்பு நுண்ணிழைகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார்.

1911இல் முதியோர் மூளையில் காணப்படும் நுண்படிவுகளைப் பற்றி எழுதினார். 1912இல் அல்சைமர் நோயைப் பற்றிய விரிவான முதல் ஆங்கில மதிப்பாய்வு அவர் பெயரில் வந்தது. உலகில் அதுவரை அச்சேறிய நோயாளிப் பதிவுகளைத் திரட்டி, அல்சைமரின் முதல் நோயாளியின் குறிப்பை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, தம் மருத்துவமனையில் கண்ட நோயாளி ஒருவரையும் சேர்த்து எழுதிய கட்டுரை அது. அந்த எழுத்தில் அவர் காட்டிய நிதானம் வியப்புக்குரியது. மூளையில் படியும் படிவுகளே இந்நோய்க்குக் காரணம் என்று முடிவு கட்டுவதை அவர் ஏற்கவில்லை. மறதி இல்லாத முதியோரின் மூளையிலும் அவை இருப்பதை அவர் கண்டிருந்தார். ஆசிரியர் அல்சைமர், தலைவர் கிரேப்பெலின் என்று துறையே வணங்கி நின்ற பெயர்களுக்கு முன் மாணவர் ஒருவர் எழுப்பிய ஐயம் அது. அந்தப் படிவுகள் காரணமா விளைவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

1909இல் அவர் மணந்துகொண்டது மெட்டா வாக்ஸ் வாரிக்கை. பிலடெல்ஃபியாவில் பிறந்து, பாரிசில் சிற்பம் பயின்று, ரோடெனின் பாராட்டைப் பெற்றுத் திரும்பிய கலைஞர். 1907இல் ஜேம்ஸ்டவுன் கண்காட்சிக்காக அமெரிக்க அரசு அவரிடம் கறுப்பின வரலாற்றுச் சிற்பத் தொகுதி ஒன்றைச் செய்வித்தது. அரசு அத்தகைய பணியைக் கறுப்பினப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை. இருவரும் பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஃப்ரேமிங்ஹாம் ஊரில் மனை வாங்கி வீடு கட்ட முனைந்தபோது, அக்கம்பக்கத்தார் ஒன்று கூடி, கறுப்பினக் குடும்பம் இங்கே வரக்கூடாது என்று கையெழுத்து வாங்கினார்கள். மூனிச்சில் அல்சைமர் பக்கத்தில் இருக்கை தந்தார். ஃப்ரேமிங்ஹாமில் அண்டை வீட்டுக்காரர் பக்கத்து மனையைத் தர மறுத்தார். ஃபுல்லர் குடும்பம் வீட்டைக் கட்டிக் குடியேறியது. மூன்று ஆண்பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். தோட்டக்கலையும் புத்தகம் தைத்துக் கட்டுவதும் மருத்துவரின் ஓய்வுநேர வேலைகள். மனைவி கலைப்பணியை விட்டு இல்லறத்தோடு நிற்கவேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மெட்டா கணவரின் விருப்பத்துக்காகக் காத்திராமல், 1929இல் தம் பணத்திலேயே சிற்பக்கூடம் கட்டிக்கொண்டார்.

ஃபுல்லரின் வாழ்வில் நமக்கு மிக முக்கியமான பகுதி 1920களில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் அமெரிக்கப் படையில் பணியாற்றினர். திரும்பி வந்தவர்களில் காயம்பட்டோரையும் மனம் சிதைந்தோரையும் தென்னகத்தின் மருத்துவமனைகள் சேர்க்க மறுத்தன. இறுதியில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கறுப்பினக் கல்வி நிறுவனமான டஸ்கீகி கழகம் வழங்கிய நிலத்தில், கறுப்பின முன்னாள் படைவீரருக்கென ஓர் அரசு மருத்துவமனை எழுந்தது. 1923 பிப்ரவரி 12ஆம் நாள் குடியரசுத் துணைத்தலைவர் கால்வின் கூலிட்ஜ் அதைத் திறந்துவைத்தார்.

நோயாளிகள் கறுப்பினத்தவர், மருத்துவர்களோ வெள்ளையர்களாகவே இருக்கவேண்டும் என்றது உள்ளூர் வெள்ளையதிகாரம். கறுப்பின நோயாளியைத் தொட மறுக்கும் வெள்ளைச் செவிலியருக்கு மாநிலச் சட்டமே துணை நின்றதால், தொட்டுப் பணிவிடை செய்யக் கறுப்பின ஆயாக்களை அமர்த்திவிட்டு, சம்பளத்தை வெள்ளைச் செவிலியருக்குத் தரும் ஏற்பாட்டையும் முன்வைத்தார்கள். தீண்டாமை இல்லாத நாடு என்று அமெரிக்காவைக் கருதுவோர் இந்த ஏற்பாட்டை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். கழகத்தின் தலைவர் ராபர்ட் மோட்டன், கறுப்பின மருத்துவர்களின் தேசியச் சங்கம், கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசிய அமைப்பு ஆகியோர் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கிடம் முறையிட்டனர். 1923 ஜூலை 3ஆம் நாள் இரவு கூ கிளக்ஸ் கிளான் கும்பல் டஸ்கீகியில் ஊர்வலம் போனது. மோட்டன் பணியவில்லை. 1924இல் ஜோசப் வார்டு என்ற கறுப்பின மருத்துவர் அம்மருத்துவமனையின் தலைவரானார்.

வென்றாகிவிட்டது. ஆனால் வெற்றியின் மறுநாள் எழுந்த கேள்வி இதுதான்: இடங்களை நிரப்பக் கறுப்பின மனநல மருத்துவர்கள் எங்கே? பயிற்சி தரும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் அவர்களைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. பயிற்சி மறுக்கப்பட்டதனால் ஆளில்லை. ஆளில்லை என்பதையே காட்டித் தகுதியில்லை என்பார்கள். இந்த வட்டம் நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவைப்படாத ஒன்று.

வட்டத்தை உடைக்கும் பொறுப்பு பாஸ்டனில் இருந்த ஃபுல்லரிடம் வந்தது. அவரிடம் நான்கு இளம் கறுப்பின மருத்துவர்கள் பயிற்சி பெற்றார்கள். டூசெயின்ட் டில்டனும் ஜார்ஜ் பிராஞ்சும் அவர்களுள் இருவர். நரம்பியலையும் உளநோயியலையும் சேர்த்துக் கற்பித்த அப்பயிற்சியில் ஒரு பொருளுக்கு அவர் தனி அழுத்தம் தந்தார்: மூளையைத் தாக்கும் மேகநோயைச் சரியாகக் கண்டறிவது. காரணம் மருத்துவம் மட்டுமன்று. நடத்தை பிறழ்ந்த கறுப்பினப் படைவீரர் நோயாளி என்று சரியாகக் குறிக்கப்பட்டால் அவருக்குச் சிகிச்சையும் அரசு உதவியும் உண்டு. ஒழுக்கம் கெட்டவர் என்று குறிக்கப்பட்டால் படையிலிருந்து நீக்கம். ஓய்வூதியம் உள்ளிட்ட பயன்கள் எதுவும் இல்லை. மருத்துவக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை எழுதும் கை யாருடையது என்பது ஏன் முக்கியம் என்பதை ஃபுல்லர் தம் மாணவர்களுக்குப் பாடமாகவே வைத்தார். நால்வரும் டஸ்கீகி சென்றார்கள். பிராஞ்ச் மூளை மேகநோய்ச் சிகிச்சை பற்றி ஆய்வுகள் எழுதினார். டில்டன் பின்னாளில் அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார்.

ஆயினும் அதை முழு வெற்றி என்று எழுத மனம் வரவில்லை. டஸ்கீகி அமைந்துள்ள அதே மேக்கன் வட்டத்தில்தான், 1932 முதல் 1972 வரை, அமெரிக்கப் பொதுநலத்துறை கறுப்பின ஆண்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் வைத்திருந்து வேடிக்கை பார்த்த கொடிய ஆய்வை நடத்தியது. கறுப்பின மருத்துவர்களும் செவிலியரும் அருகிலேயே இருந்தும் அது 40 ஆண்டுகள் நடந்தது. ஒடுக்கப்பட்டோரிலிருந்து சிலர் வெள்ளையங்கி அணிவதால் மட்டும் அரசின் குணம் மாறிவிடாது.

ஃபுல்லரின் சொந்த வாழ்விலும் அதுவே நடந்தது. 1919இல் வெஸ்ட்பரோவை விட்டு முழுமையாகப் பாஸ்டன் பல்கலைக்கழகம் வந்தவர், இணைப் பேராசிரியர் பதவியைத் தாண்டவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நரம்பியல் துறையின் தலைவர் செய்யவேண்டிய வேலைகள் அனைத்தையும் செய்தார். தலைவர் என்ற பெயர் மட்டும் தரப்படவில்லை. ஊதியமும் வெள்ளைச் சகாக்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. 1933இல், அவரைவிடப் படிநிலையில் கீழிருந்த வெள்ளையர் ஒருவருக்கு முழுப் பேராசிரியர் பட்டமும் துறைத் தலைமையும் வழங்கப்பட்டன. அவ்வாண்டே ஃபுல்லர் விலகினார். 34 ஆண்டுகள் கற்பித்த பின் அவருக்குக் கிடைத்தது சில ஆண்டுகள் கழித்து வந்த மதிப்புறு பேராசிரியர் என்ற ஏட்டுப் பட்டம்.

நாம் கவனிக்கவேண்டியது இந்த அநீதியின் இன்னொரு பக்கம். தலைவர் நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தால், யாரைப் பயிற்சிக்குச் சேர்ப்பது, யாருக்கு உதவித்தொகை, யாருக்குப் பரிந்துரைக் கடிதம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருந்திருக்கும். அது இல்லாததால் அவர் உருவாக்கிய மாணவர்களின் வரிசை நீளவில்லை. திறமைமிக்க ஒருவரால் நிறுவனத் துணையின்றி எவ்வளவு முடியும் என்பதற்கு வரலாறு வைத்திருக்கும் விடை: நால்வர்.

நீரிழிவு அவருடைய பார்வையைத் தின்றது. 1940களில் முற்றிலும் கண்ணிழந்தார். வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு அது எத்தகைய இழப்பு என்று சொல்லவேண்டியதில்லை. ஆயினும் நோயாளிகளைக் கேட்பதற்குக் கண் தேவையில்லை. ஃப்ரேமிங்ஹாம் வீட்டில் கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் அவரிடம் வந்துகொண்டிருந்தனர். மெட்டா உடனிருந்து பார்த்துக்கொண்டார்.

அந்த இருண்ட ஆண்டுகளில்தான், 1946 ஜூலையில், தேசிய மனநலச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார். மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் பயிற்சிக்கு மத்திய அரசு பெரும் அளவில் பணம் தரத் தொடங்கியது அச்சட்டத்தால்தான். தேசிய மனநல நிறுவனம் 1949இல் பிறந்ததும் அதன் வழியே. ஆனால் கறுப்பின மாணவருக்கென அதில் எதுவும் ஒதுக்கப்படவில்லை. தென்னகத்தின் வெள்ளை மருத்துவக் கல்லூரி ஒன்று முதன்முதலாகக் கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்தது 1948இல், ஆர்கன்சாவில். கதவு மூடிய கல்லூரிக்கு அரசு பணம் தரும்போது, மூடிய கதவுக்கும் சேர்த்தே பணம் தருகிறது. பொதுவான சட்டம் எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படும் என்ற நம்பிக்கையை அந்தக் கால் நூற்றாண்டு பொய்யாக்கியது. 1953 ஜனவரி 16ஆம் நாள் ஃபுல்லர் இறந்தபோது, நாட்டின் கறுப்பின மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே.

மாற்றம் நாடாளுமன்றத்தின் கருணையால் வரவில்லை. 1968இல் கறுப்பின உளவியலாளர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். 1969இல் மயாமி நகரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடந்தபோது, கறுப்பின மருத்துவர்கள் திரண்டு சென்று சங்கத் தலைமையின் முன் கோரிக்கைகளை வைத்தார்கள். அமெரிக்கக் கறுப்பின மனநல மருத்துவர் அமைப்பு அங்கே உருவானது. செஸ்டர் பியர்ஸ் முதல் தலைவர். அன்றாட வாழ்வில் ஒடுக்கப்பட்டவர் மீது தூவப்படும் சிறுசிறு அவமதிப்புகளுக்கு நுண்வன்முறை என்ற பொருள்படும் சொல்லைப் படைத்தவர் அவரே. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. அரசால் காதை மூடிக்கொள்ள முடியவில்லை. தேசிய மனநல நிறுவனத்துக்குள் சிறுபான்மையினருக்கென ஒரு மையம் உருவாயிற்று. அதன் வழியே, 1970களின் நடுவில் சிறுபான்மையினர் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மனநல மருத்துவர், உளவியலாளர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோரின் தேசிய அமைப்புகளிடம் அரசு நிதி தந்தது. அவை கறுப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவர்களைத் தேர்ந்து உதவித்தொகையும் வழிகாட்டுதலும் அளித்தன. ஃபுல்லர் நால்வருக்குச் செய்ததை அரசு செலவில் ஆண்டுதோறும் செய்வது என்று சொன்னால் பெரிய பிழை இராது.

ஆனால் நாற்பதாண்டுகள் அத்திட்டம் தனக்கெனச் சட்டப்பிரிவு இல்லாமலேயே, ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையின் தயவில் உயிர் வைத்திருந்தது. 1992இல் பொறுப்பு சாம்சா என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனநலச் சேவைகள் நிர்வாகத்துக்கு மாறியது. 2016 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட 21ஆம் நூற்றாண்டு மருத்துவச் சட்டமே இத்திட்டத்தைப் பொதுநலச் சட்டத்தின் 597ஆம் பிரிவாக எழுதி வைத்தது. குடும்ப ஆலோசகர்களும் போதை மீட்பு ஆலோசகர்களும் அதில் அடங்கினர். ஆண்டுக்கு ஒரு கோடியே 26 லட்சத்து 69 ஆயிரம் டாலர் என்று தொகையும் குறிக்கப்பட்டது. எழுதப்படாத சலுகையை நிறுத்த ஓர் அதிகாரியின் மௌனம் போதும். எழுதப்பட்ட பிரிவை நீக்கக் கைகளை உயர்த்தி வாக்களிக்க வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான் என்றாலும், அது சிறியதன்று.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18ஆம் பிரிவில் சாதியின் பெயரால் சிகிச்சையில் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு மனநலப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் கடமையை அரசின் மீது சுமத்துகிறது. இரண்டையும் இணைக்கும் வரி சட்டத்தில் இல்லை. இடஒதுக்கீடு அரசுக் கல்லூரியில் இடத்தைத் தருகிறது. அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த மாணவர் படிப்பை முடிக்கும்வரை அவருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்பதை அது சொல்வதில்லை. உயர்கல்வி வளாகங்களில் தலித், பழங்குடி மாணவர்களின் தற்கொலைகளைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும், ஆலோசனை அறையின் மறுபக்க நாற்காலியில் இருப்பவர் சாதியை அறிந்தவரா என்ற கேள்வி எழுகிறது. கிளர்ச்சி செய்யும் மாணவரை மனச்சிக்கல் உள்ளவர் என்று குறித்துவிடும் பழக்கத்துக்கும் டிரேப்டோமேனியாவுக்கும் இடையே எத்தனை காத தூரம் என்பதை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

பாஸ்டனில் 1974இல் அரசு மனநல மையம் ஒன்றுக்கு ஃபுல்லரின் பெயர் சூட்டப்பட்டது. துறைத் தலைமையை அவருக்கு மறுத்த அதே மருத்துவப் பள்ளியின் வளாகத்தை ஒட்டி அக்கட்டடம் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அவர் பெயரில் விருது வழங்குகிறது. ஆனால் அந்நாட்டின் மனநல மருத்துவர்களில் கறுப்பினத்தவர் இன்றும் நூற்றுக்கு இருவர் என்ற அளவிலேயே இருக்கிறார்கள்; மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு 13 பேர்.

2022 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் 597ஆம் பிரிவைப் புதுப்பித்து, தொகையை ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலராக உயர்த்தியது. அது அதிகபட்சமாகத் தரலாம் என்ற அனுமதி மட்டுமே. உண்மையில் எவ்வளவு தருவது என்பது ஒவ்வோர் ஆண்டும் தனியாகத் தீர்மானிக்கப்படும். அந்த அனுமதியும் 2027 நிதியாண்டோடு முடிகிறது.